சிசிலியில் எங்கே தங்குவது: ஒர்த்தீஜியாவா, செஃபலூவா, திரப்பானியா?

சிசிலிக்குப் போவது என்று முடிவானதும் பலர் போடும் திட்டம் ஒன்றுதான்: தீவை முழுச் சுற்று சுற்றி, ஏழெட்டு ஊர்களில் ஊருக்கு ஓர் இரவு. தாளில் எழுதிப் பார்த்தால் அழகாக இருக்கும். ஆனால் மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு சிசிலி. பரப்பு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். மேற்கு முனையில் இருக்கும் திரப்பானியிலிருந்து தென்கிழக்கில் உள்ள சிரக்கூசாவுக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். காரில் போனாலே நான்கு மணி நேரம். தினமும் காலையில் பெட்டி கட்டி, மதியம் அடுத்த ஊரில் அறைச் சாவிக்குக் காத்திருந்து, கடலை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நிதானமாக இருக்கத்தான் போகிறோம் என்றால் நான் வைக்கும் அளவுகோல் எளிது. காலையில் பழைய ஊரின் சந்துகளில் நடக்க வேண்டும், மதியம் கடலில் இறங்க வேண்டும், மாலையில் சதுக்கத்தில் உட்கார வேண்டும். மூன்றுக்கும் வண்டி ஏறாமல் நடந்தே போய் வர முடிய வேண்டும். கூடவே, பக்கத்து ஊர்களுக்கு ஒரு நாள் பயணமாகப் போய்த் திரும்ப வசதியும் வேண்டும். இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் மூன்று ஊர்கள் நிற்கின்றன: சிரக்கூசாவின் பழைய பகுதியான ஒர்த்தீஜியா, வடகரையில் செஃபலூ, மேற்கு முனையில் திரப்பானி.

எல்லோரும் சொல்லும் தாவோர்மினாவை ஏன் விட்டேன் என்று கேட்கலாம். அந்த ஊர் கடலிலிருந்து 200 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கிறது. கடலுக்குப் போகக் கம்பிவடக் காரில் இறங்க வேண்டும். கீழே இருப்பதும் கூழாங்கல் கரை. அறை வாடகையும் மற்ற ஊர்களைவிடக் கூடுதல், பகல் முழுக்கச் சந்தைக் கூட்டம். ஆனால் கிரேக்கர் கட்டி ரோமானியர் மாற்றியமைத்த அதன் அரங்கத்தில் உட்கார்ந்து எட்னா எரிமலையைப் பார்ப்பது தவற விடக்கூடாத காட்சி. சிரக்கூசாவிலிருந்து ரயிலில் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். அதற்கு அது போதும்.

சரி, முதலில் ஒர்த்தீஜியா. முதல்முறை சிசிலி போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது ஒரு குட்டித் தீவு. பாலம் கடந்தால் உள்ளே வந்துவிடலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கொரிந்திலிருந்து வந்த கிரேக்கர்கள் முதலில் குடியேறிய இடம் இதுதான். பின்னாளில் ஏதென்ஸையே தோற்கடிக்கும் அளவுக்கு வளர்ந்த நகரம். ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும், கி.மு. 212இல் ரோமானியர் ஊரைப் பிடித்தபோது கொல்லப்பட்டதும் இங்கேதான்.

இந்த வரலாறெல்லாம் ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டுமென்றால் பேராலயத்துக்குப் போங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அதீனா தேவிக்குக் கட்டிய கோயிலின் கல்தூண்கள் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு இடையே சுவர் எழுப்பித் தேவாலயமாக்கியிருக்கிறார்கள். அரபியர் ஆட்சியில் அது பள்ளிவாசலாகவும் இருந்தது. 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு 18ஆம் நூற்றாண்டில் பரோக் பாணியில் புது முகப்பு வந்தது. முகப்பை மட்டும் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் இடப்பக்கச் சந்துக்குள் போய்ப் பாருங்கள்: இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு வயதான தூண்கள் சுவரிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே போனால் அதே தூண்களைக் கையால் தொடலாம். தேவி மாறி, மொழி மாறி, மதம் மாறி, வழிபாடு மட்டும் நிற்காமல் நடந்து வந்த இடம் அது. எனக்கு இதற்காகவே சிசிலி போகலாம் என்று தோன்றும்.

பேராலயச் சதுக்கத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் அரெத்தூசா ஊற்று. கடலை ஒட்டி, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர்; அதில் பப்பைரஸ் கோரை வளர்ந்து நிற்கிறது. அப்படியே கரையோரம் நடந்தால், முனையில் இரண்டாம் ஃபிரெடரிக் பேரரசர் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய மனியாச்சே கோட்டை. மாலையில் ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு இந்தப் பாதையில்தான் உலாவுகிறார்கள். காலையில் அப்பல்லோ கோயில் இடிபாட்டுக்குப் பக்கத்தில் சந்தை கூடும்: மீன், ஆரஞ்சு, காய வைத்த தக்காளி, பாலாடைக்கட்டி. சமையலறை உள்ள அறையாக எடுத்துக்கொண்டால் அந்தச் சந்தையே பாதி விடுமுறைக்குச் சாப்பாடு போட்டுவிடும்.

பாலத்துக்கு அப்பால், சிரக்கூசாவின் பெருநிலப் பகுதியில் நெயாப்பொலிஸ் தொல்லியல் பூங்கா இருக்கிறது. ஒர்த்தீஜியாவிலிருந்து நடந்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பாறையிலேயே வெட்டிய கிரேக்க அரங்கமும், அதையொட்டிய கல்குவாரியும் முக்கியம். கி.மு. 413இல் தோற்ற ஏதென்ஸ் படையினரை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்தது சிரக்கூசாவின் இதுபோன்ற குவாரிகளில்தான். இன்று அங்கே எலுமிச்சையும் ஆரஞ்சும் பூத்து நிற்கின்றன. அதை அறிந்துகொண்டு அந்த மரநிழலில் நிற்பது வேறு மாதிரியான அனுபவம். மே, ஜூன் மாதங்களில் போகிறவர்கள் இந்த அரங்கில் நடக்கும் பண்டைய கிரேக்க நாடகங்களுக்குக் கட்டாயம் டிக்கெட் எடுங்கள். 1914இல் தொடங்கிய மரபு. வசனம் இத்தாலியனில் இருந்தாலும் கதையை முன்பே படித்துக்கொண்டு போனால் போதும். மாலை வெளிச்சம் மங்க மங்க, அந்தக் கல்படிகளில் ஆயிரக்கணக்கானோர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும்: ஒர்த்தீஜியாவில் நீளமான மணற்கரை கிடையாது. கால ரொஸ்ஸா என்று கைக்குட்டை அளவு சிறுகரை ஒன்று உண்டு. மற்றபடி பாறையிலிருந்து ஏணி பிடித்து இறங்குவதுதான். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, ஆனால் இறங்கியதும் ஆழம். நீச்சல் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம். தெரியாதவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் சரிப்படாது. மணல் வேண்டுமென்றால் தெற்கே அரெனெல்லா, ஃபொந்தானே பியாங்கே கரைகளுக்குப் பேருந்து பிடிக்க வேண்டும்.

இன்னும் தெற்கே போனால் கிடைப்பது வெந்திகாரி இயற்கைக் காப்பகம். உப்பங்கழிகள், வலசை வரும் பூநாரைகள், கடலோரத்தில் கூரையிழந்து நிற்கும் பழைய சூரைமீன் ஆலை, இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே ஒதுங்கிய கலமோஸ்கே கரை. கட்டடம் எதுவும் கண்ணில் படாத கடற்கரை ஐரோப்பாவில் அரிது. இது அப்படி ஒன்று. கார் இருந்தால் நல்லது. இறங்கிய பிறகும் வெயிலில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், நிழல் இல்லை, தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டு போக வேண்டும்.

அதே திசையில்தான் நோத்தோவும் இருக்கிறது. 1693 ஜனவரி 11ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் பழைய நோத்தோ தரைமட்டமானது. மக்கள் இடத்தையே மாற்றி, நேர்கோட்டுத் தெருக்களோடு புது ஊரைக் கட்டினார்கள். தேன் நிறக் கல்லில் மொத்த ஊரும் ஒரே காலத்தில் எழுந்ததால் எங்கே திரும்பினாலும் ஓர் ஒழுங்கு தெரியும். 1996இல் அதன் பேராலயத்தின் குவிமாடம் இடிந்து விழுந்தது. திருத்தி 2007இல் திறந்தார்கள். நோத்தோ, மோதிக்கா, ரகூசா, ஷிக்லி உட்பட எட்டு ஊர்கள் சேர்ந்து 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. எட்டையும் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்ப வேண்டாம். மதியத்துக்கு மேல் நோத்தோ போய், சாயும் வெயிலில் அந்தக் கல் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் நிறைந்துவிடும். ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஞாயிறன்று வண்டிகள் குறைவு என்பதை நினைவில் வையுங்கள்.

செஃபலூவின் கதை நேர் எதிர். அங்கே கடற்கரைதான் முதலில். நீண்ட, பொன்னிற மணற்கரை பழைய ஊரின் சுவரைத் தொட்டுக்கொண்டே தொடங்குகிறது. கடலிலிருந்து எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் 12ஆம் நூற்றாண்டுப் பேராலயத்தின் முன் நிற்பீர்கள். இப்படி ஒரு சேர்க்கை சிசிலியில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காது. தண்ணீர் வெகுதூரம் வரை ஆழமில்லாமல் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம், செஃபலூவைப் பிடித்துக்கொள்ளலாம். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஊர் பெரும்பாலும் சமதளம், ரயில் நிலையம் பக்கத்திலேயே, கார் வேண்டாம்.

பேராலயத்தை நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கினார். உள்ளே கருவறை வளைவில் இருக்கும் இயேசுவின் மொசைக் ஓவியம் 1148ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பைசாந்தியக் கலைஞர்களின் வேலை. கையில் விரித்துப் பிடித்திருக்கும் நூலில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன். அரசர் லத்தீன் கிறிஸ்தவர், குடிமக்களில் கிரேக்கர்களும் அரபியர்களும் உண்டு. அந்த ஆட்சி எப்படி நடந்தது என்பதற்கு அந்த இரண்டு பக்கங்களே சாட்சி. ஊருக்குப் பின்னால் லா ரொக்கா என்ற 270 மீட்டர் உயரப் பாறைமலை. காலை வெயில் ஏறும் முன் ஏறினால் கூரைகளும் கடலும் காலடியில் தெரியும். மந்திராலிஸ்கா அருங்காட்சியகத்தில் அந்தொனெல்லோ தா மெசீனா வரைந்த பெயர் தெரியாத மனிதரின் உருவப்படம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு படத்துக்காக உள்ளே போகலாம்.

இவ்வளவுதான் செஃபலூ. இரண்டு நாளில் ஊரே பழகிவிடும். கோடையில் சிசிலியின் தலைநகர் பலேர்மோவிலிருந்து வருபவர்களும் சேர்ந்துகொள்ள, கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். கரையின் ஒரு பகுதி பொதுக்கரை, இலவசம். மற்ற பகுதி குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடும் இடங்கள். சாப்பாட்டுக் கடைகளில் பல, சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பி நடப்பவை. ஒர்த்தீஜியாவில் சாப்பிட்டு வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அந்தக் குறையை ஈடு செய்வது பலேர்மோ. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரண்மனைச் சிற்றாலயத்தில் பைசாந்திய மொசைக்குகளுக்கு மேலே இஸ்லாமியக் கைவினைஞர்கள் செய்த மரவேலைக் கூரையைப் பார்க்கலாம். பலாரோ சந்தையில் கடலை மாவில் பொரித்த பனெல்லேயை ரொட்டியில் வைத்துத் தருவார்கள். பலேர்மோவில் ஈழத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. அங்கே நேர்த்திக்கடனாக ஏறிப் போகும் கூட்டத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்களும் இந்துக்களும் உண்டு. பலேர்மோவுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் அந்த மலைக்கும் ஒரு மாலையை ஒதுக்கலாம்.

திரப்பானிக்கு வருவோம். அரிவாள் போல வளைந்து கடலுக்குள் நீளும் ஊர். இருபுறமும் தண்ணீர். ஊரின் அழகு கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிபடும். பேராலயத் தூண்கள் மாதிரி முதல் பார்வையிலேயே ஆளை நிறுத்தும் ஒன்று இங்கே இல்லை. ஆனால் கடலில் இருப்பதுதான் முக்கியம், கூட்டம் வேண்டாம், இரண்டாவது முறை சிசிலிக்கு வருகிறோம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

காரணம் எகாதித் தீவுகள். துறைமுகத்திலிருந்து வேகப்படகில் அரை மணி நேரத்தில் ஃபவிஞ்ஞானா. இறங்கியதும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், தீவு பெரும்பாலும் சமதளம். பழைய கல்குவாரிகளுக்கு நடுவே இருக்கும் கால ரொஸ்ஸா (ஒர்த்தீஜியாவில் சொன்ன அதே பெயர், இடம் வேறு) சிசிலியிலேயே நிறம் மிகுந்த தண்ணீர் என்பேன். ஃப்ளோரியோ குடும்பத்தின் பழைய சூரைமீன் ஆலை இப்போது அருங்காட்சியகம். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போரை கி.மு. 241இல் முடித்து வைத்த கடற்போர் இந்தத் தீவுகளுக்கு அருகில்தான் நடந்தது. அப்போது மூழ்கிய கப்பல்களின், எதிரிக் கப்பலை இடிக்கும் வெண்கல முட்டுமுனைகளைக் கடலடியிலிருந்து எடுத்து அந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தீவான லெவான்சோவில் கற்கால மனிதர்கள் விலங்குகளைச் செதுக்கிய குகை உண்டு. முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும்.

கரைப் பக்கமும் குறைவில்லை. கம்பிவடக் காரில் ஏறினால் 750 மீட்டர் உயரத்தில் எரிச்சே. கற்சுவர்களும், மடங்களில் பிறந்த பாதாம் இனிப்புகளும், கோடையிலும் திடீரென்று இறங்கும் மூடுபனியும் உள்ள ஊர். தெற்கே மார்சாலா வரை உப்பளங்களும் காற்றாலைகளும். அந்த வழியில் மோத்சியா என்ற தீவில் பினீசியர்கள் கட்டிய நகரம் இருந்தது. கி.மு. 397இல் சிரக்கூசாவின் ஆட்சியாளர் தியோனீசியஸ் அதை அழித்தார். வடக்கே சான் வீத்தோ லோ காப்போவின் வெண்மணற்கரை. அதை ஒட்டியே ஜிங்காரோ காப்பகம்: சாலையே இல்லாத, சுமார் 7 கிலோமீட்டர் கடலோர நடைபாதை. அங்கே சாலை போட நடந்த முயற்சியை மக்கள் 1980இல் திரண்டு எதிர்த்தார்கள். அதனால்தான் இன்றும் அந்தக் குடாக்களுக்குத் தரைவழியாக நடந்து மட்டுமே இறங்க முடிகிறது. அந்த மக்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே நடக்கலாம்.

சாப்பாட்டில் ஆப்பிரிக்கா தெரியும். துனிசியா 150 கிலோமீட்டர் அளவுதான். மீன் குழம்போடு குஸ்குஸ் இங்கே வீட்டுச் சாப்பாடு.

திரப்பானியின் ஒரே பெரிய சிக்கல் காற்று. பலமாக வீசினால் தீவுப் படகும் நிற்கும், எரிச்சே போகும் கம்பிவடக் காரும் நிற்கும். தீவுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்காமல் வந்த மறுநாளே வைத்துக்கொள்வது நல்லது. பொதுப் போக்குவரத்தும் இங்கே மற்ற இரண்டு ஊர்களைவிட மெலிவு. செஜெஸ்தாவில் தனிமலைமேல் நிற்கும் கிரேக்கக் கோயிலையும் ஜிங்காரோவையும் பார்க்க, இரண்டு நாளுக்காவது கார் எடுத்தால்தான் சரிவரும்.

கார் என்றதும் சில விஷயங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பழைய ஊர்களுக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். நுழைவாயிலில் கேமரா இருக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும். ஒர்த்தீஜியாவில் தங்கினால் எல்லா நாளும் கார் வைத்திருப்பது வீண் செலவு. வெந்திகாரிக்கும் நோத்தோவுக்கும் மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள்.

மூன்று ஊருக்கும் பொதுவாக ஒன்று: ஆகஸ்டில் போகாதீர்கள். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிரக்கூசாவுக்கு அருகில் 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவிலேயே அதிகம் என்று உலக வானிலை அமைப்பு உறுதி செய்திருக்கிறது. இத்தாலியர்களும் அந்த மாதத்தில்தான் மொத்தமாக விடுமுறை எடுக்கிறார்கள். மே கடைசியும் ஜூன் முதல் பாதியும் ஊர் சுற்ற அருமை, ஆனால் கடல் குளிரும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை கடல் கோடைச் சூட்டை வைத்திருக்கும், கூட்டம் வடிந்திருக்கும். எனக்கு வாய்ப்பிருந்தால் அப்போதுதான் கிளம்புவேன்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பயப்படத் தேவையில்லை. கத்தரிக்காய் இந்தத் தீவின் ராஜா. கிழக்குக் கரை நகரமான கத்தானியாவின் நோர்மா பாஸ்தா, புளிப்பும் இனிப்புமாகக் கபொனாத்தா என்ற கத்தரிக்காய்க் கூட்டு, காலைக்குப் பிரியோஷ் பன்னோடு கிரனீத்தா என்ற பாதாம் பனிக்கூழ். கபொனாத்தாவில் சில இடங்களில் மீன் சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் ஒர்த்தீஜியாவும் பலேர்மோவும் எளிது, திரப்பானியில் கொஞ்சம் தேட வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டும் என்பதால், எந்த ஊர் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுவது வசதி. ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். பழைய கட்டடங்களில் மின்தூக்கி அரிது. எத்தனையாவது மாடி என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒரு வாரம் மட்டும் கிடைத்தால் ஒரே ஊர் போதும். பத்து இரவு கிடைத்தால் செஃபலூவில் நான்கு, ஒர்த்தீஜியாவில் ஆறு என்று பிரிப்பேன். இரண்டுக்கும் நடுவே மெசீனாவில் மாறிச் செல்லும் ரயில் பாதை பெரும்பாலும் கடலை ஒட்டியே போகிறது. அதற்கு ஒரு பகலை முழுசாக ஒதுக்கி, மாறும் இடத்தில் அவசரப்படாத மாதிரி வண்டிகளைத் தேர்ந்தெடுங்கள். பலேர்மோவில் இறங்கி, கத்தானியாவில் ஏறுவது போல விமான டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டிய வேலை இல்லை. எட்னா சாம்பல் கக்கும் நாட்களில் கத்தானியா விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடுவதுண்டு; ரோமிலோ மிலானிலோ அடுத்த விமானத்துக்கு நடுவே ஓர் இரவு இடைவெளி விட்டு வையுங்கள்.